யானைக்கு அடித்த பறை

வரிசை மாறாமல் சொல்கிறேன், கேளுங்கள். வரிசை மாறினால் குற்றவாளி தப்பித்துவிடுவான்.

முதலில் நிலத்தைப் பிடுங்கினார்கள். அடுத்து, கிணற்றைத் தொடாதே என்றார்கள். அதற்கும் பிறகு மதில் எழுப்பி, கல் சுமந்தவர்களையே வெளியே நிறுத்தினார்கள். கடைசியாகத்தான் பெயரில் கை வைத்தார்கள்: வெளியே வாழ்பவர் பெயரை உள்ளே எவரும் உச்சரிக்கக் கூடாது. நெடுங்காவூரை ஓர் அரசன் ஆண்ட காலத்துச் சங்கதி இது. இப்போதெல்லாம் அப்படி இல்லையே என்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மற்றவர்கள் பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். மதிலுக்கு வெளியே மிஞ்சியது ஒரே குடிசை. அதில் பறையடிக்கும் காத்தமுத்துவும் அவன் மனைவியும் இருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். யார் இறந்தாலும் காத்தமுத்து தெருத்தெருவாகப் பறையடித்துப் பெயரைச் சொல்வான். அதன் பிறகுதான் கடை அடைப்பார்கள், அடுப்பை அணைப்பார்கள், அழுவார்கள். பறை ஒலிக்காத சாவு சாவே அல்ல. ஆனால் இழவு வீட்டுக்காரன் தன் வீட்டுச் சாவுக்குத் தானே அடிக்கக் கூடாது.

ஒரு மழைக்காலத்தில் அவன் மனைவி காய்ச்சலில் இறந்தாள். அவன் கோட்டை வாசலில் போய் நின்றான்.

"என்னடா?" என்றார் மந்திரி.

"வீட்டுக்காரி போய்விட்டாள் சாமி. யாராவது பறையை எடுத்து அவள் பெயரைச் சொல்ல வேண்டும்."

"செத்தது என்ன, பட்டத்து யானையா?" காவலர்கள் சிரித்தார்கள்.

"யானைக்கும் நான்தான் அடித்தேன் சாமி. அன்றைக்கு ஊரே பட்டினி கிடந்தது."

"அதற்குப் பட்டம் இருந்ததடா. உன் பெண்டாட்டிக்கு என்ன இருந்தது?"

"பெயர் இருந்தது சாமி."

கதவைச் சாத்தினார்கள். அவன் தனியே குழி தோண்டினான். தனியே சுமந்தான். தனியே மண் தள்ளினான். மதிலுக்குள் கல்யாண மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பறையை ஆணியில் மாட்டினான்.

கொஞ்ச நாளில் அரசனின் தாய் இறந்தாள். ஆள் அனுப்பினார்கள். காத்தமுத்து வரவில்லை. தளபதியைப் பறையை எடுக்கச் சொன்னார்கள். மாட்டுத் தோல், தீட்டு என்றார். புரோகிதர் காதைப் பொத்தினார். வணிகர் தலைவருக்குத் திடீரென்று கைவலி வந்தது.

பறை ஒலிக்கவில்லை. ஆகவே ஊருக்குச் சாவு தெரியவில்லை. அரசன் பிணத்தருகே உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவில் யாரோ கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவன் நெஞ்சில் குத்தியது.

அரசன் மதிலைத் தாண்டி வந்தான். மனம் திருந்தி வந்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாமல் வந்தான்.

"பறையை எடு. இல்லையென்றால் தலை போய்விடும்."

"தலையை எடுத்துக்கொள்ளுங்கள் மகாராஜா. அப்புறம் யார் அடிப்பது?"

அரசன் ஆணியில் தொங்கிய பறையைப் பார்த்தான்.

"என் வீட்டுச் சாவுதான் முன்னால் நடந்தது. அதை முதலில் சொல்லுங்கள். அதற்கு நான் அடிக்கக் கூடாது. உங்கள் சட்டம்."

அரசன் கேட்டான்: "அவள் பெயர் என்ன?"

மதிலுக்குள்ளிருந்து வந்த ஒருவர் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. காத்தமுத்து சொன்னான். அரசன் பறையைத் தன் தோளில் மாட்டினான்.

நாற்சந்தியில் ஊர்ப் பெரியவர்களைச் சாட்சிக்கு நிறுத்தினார்கள். காத்தமுத்து எட்டவே நின்றான். வீட்டுக்குப் போய், "உன் பெயரைச் சொல்லிவிட்டார்களடி" என்று சொல்ல அங்கே ஆளில்லை.

நீதி இதுதான்: ஒரு மனிதருக்காக அழக் கூடாதென்று சட்டம் போடுகிற ஊர், தன் சாவுக்கும் அழ ஆளில்லாமல் நிற்கும்.

இதோ, அரசன் பறையை அடிக்கிறான். நீங்களும் சாட்சி.

"ஊராரே கேளுங்கள்! காத்தமுத்துவின் மனைவி இறந்துவிட்டாள். அவள் பெயர் அங்காயி."