இல்லாத டீ

ஓவியப் பட்டம் வாங்கி எட்டு மாதமாக வேலை தேடி அலுத்த இசக்கி, ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டுத் தன் கல்லூரியின் வேலை வழிகாட்டி அதிகாரி நமச்சிவாயத்தின் முன்னால் போய் நின்றாள். மனிதர் நல்லவர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"படம் போட்டா எவன்ம்மா வேலை தருவான்? பேசாம பேங்க் பரீட்சை எழுது!"

"இதைச் சேரும்போதே சொல்லியிருக்கலாமே சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. "சரி, இந்த ரூமுக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்ல. ஒரு எழுத்துகூட எழுதாம, வெறும் படத்தாலயே பத்துப் பேரை வர வை. கடிதம் தர்றேன்."

வழிகாட்டும் அறைக்கே இந்தக் கதி என்றால், படித்தவர்கள் கதியைக் கேட்க வேண்டுமா! இசக்கி ஒரு சாக்பீஸோடு வராந்தாவுக்குப் போனாள். ஆவி பறக்கும் டீ கிளாஸ் ஒன்றையும், அவர் கதவைக் காட்டும் அம்புக்குறியையும் சுவரில் வரைந்தாள்.

கால் மணி நேரத்தில் முப்பது பேர் அறைக்குள் நின்றார்கள். கடைசியாக முதல்வரே எட்டிப் பார்த்து, "நமச்சிவாயம், எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்றார்.

நமச்சிவாயம் திருதிருவென்று விழித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்து, கேன்டீனுக்கு முப்பத்தொரு டீ சொல்லிவிட்டு, கடிதத்தை ஒரே வரியில் எழுதினார்:

"இந்தப் பெண் வரைந்தால், இல்லாத டீக்கும் ஆள் வரும்."