காத்தாயியின் முழங்கால்

கோயமுத்தூர் மில் முதலாளி வரதராஜுலு உல்லாசக் கப்பலில் ஊர் சுற்றக் கிளம்பியபோது, வேளாவேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேலைக்காரி காத்தாயியையும் கூட்டிப் போனார். கப்பலில் அவளோடு பேச ஆளே இல்லை.

திருகோணமலையில் இறங்கியவர், திரும்பும் நேரமாகியும் நகைக்கடையை விட்டு நகரவில்லை. "நீ முன்னால போய்க் கப்பலை நிறுத்தி வை. என்னை விட்டுட்டு அது கிளம்பிச்சுன்னா உனக்கு வேலை கிடையாது" என்றார்.

காத்தாயி ஓடினாள். கப்பல் சங்கு ஊதிவிட்டது. ஏணியைத் தூக்கக் காத்திருந்த மாலுமி லூர்துசாமி, "சீக்கிரம் ஏறுங்கம்மா" என்றார். இரண்டு படி ஏறியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"முழங்கால் பிடிச்சுக்கிச்சு தம்பி. ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஆள் இருக்கும் ஏணியைத் தூக்க முடியுமா? ஒரு படி ஏறுவாள், முழங்காலை நீவுவாள், கரைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவாள்.

"நான் வேணா தூக்கிட்டுப் போகவா?"

"கட்டினவன்கூடத் தூக்கினதில்லை. வேண்டாம்."

லூர்துசாமிக்கு விஷயம் புரிந்து சிரிப்பு வந்தது. அதற்குள் முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "பாத்தியா, எனக்காகக் கப்பலே நிக்குது!"

"உங்களுக்காக நிக்கலைங்க. இந்தம்மாவுக்காகத்தான் நின்னோம்" என்றார் லூர்துசாமி, உரக்க. மேல்தளமே சிரித்தது. காத்தாயி எழுந்து விறுவிறுவென்று ஏறினாள். முதலாளி தலையைக் குனிந்தபடி அவள் பின்னால் போனார்.

சாயங்காலம் அவள் தனியாகக் கடலைப் பார்த்து நின்றாள். தனக்காக ஒரு கப்பலே காத்து நின்றதை ஊரில் போய் யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தாள். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.