பிராங்காவின் கறியில் பன்றி இல்லை

"அம்மா, நம்ம சமையல்கட்டுல ஒரு யூதச்சி இருக்கா. நாம எல்லாரும் குருடா?"

கியோமார் கதவைத் தட்டக்கூட இல்லை. நேராக உள்ளே வந்து, கத்தியால் பிளந்த ஒரு கறித்துண்டை மேசையில் வைத்தாள்.

நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய போர்ச்சுகல். மலைநாட்டில் ஒரு கன்னியர் மடம். கியோமாருக்கு வயது ஐம்பத்தைந்து. புருஷன் செத்த பிறகு, சொத்தையும் வீம்பையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவள். அவளுக்குக் குரு, எல்லாரும் அம்மா என்று கூப்பிடும் மடத்துத் தலைவி வியோலாந்தே. முப்பத்திரண்டு வயது. மகள் வயதுக்காரியிடம் மண்டியிட்டுப் பாடம் கேட்பதையே கியோமார் பெரிய தவம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கறி இது?" என்றாள் வியோலாந்தே.

"பிராங்கா செஞ்சது. குடல்ல அடைச்சுப் புகையில தொங்கவிட்டிருக்கா. பார்க்கிறவங்க பன்றின்னு நினைப்பாங்க. நான் அறுத்துப் பார்த்தேன். கோழி, ரொட்டி, பூண்டு. ஒரு துணுக்கு பன்றி இல்ல. யூதங்கதானே பன்றியைத் தொடமாட்டாங்க."

"மூணு வருஷமா நீங்களும் சாப்பிட்டீங்க. ரெண்டாந்தடவை கேட்டு வாங்கினீங்க."

"தெரியாம சாப்பிட்டேன்."

அந்த நாட்டில் அப்போது கிறிஸ்தவராக இருந்தால் மட்டும் போதாது. இரத்தமும் கிறிஸ்தவமாக இருக்க வேண்டும். மடத்தில் சேரவும் பதவி வாங்கவும் பாட்டன் முப்பாட்டன் வரை விசாரித்து, இரத்தம் சுத்தம் என்று சான்று கொடுப்பார்கள். யூதர்களை இழுத்துவந்து தண்ணீர் ஊற்றிக் கிறிஸ்தவர்களாக்கியதும் இவர்கள்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பிடித்து, நீ நிஜமான கிறிஸ்தவனா என்று கேட்டு எரித்ததும் இவர்கள்தான்.

பன்றி தின்கிறோம் என்று ஊரை நம்பவைக்க அந்த ஜனங்கள் கண்டுபிடித்த பண்டம் இந்தப் போலிப் பன்றிக்கறி என்று சொல்வார்கள். இன்றைக்கு அங்கே எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் அது கிடைக்கும். ஊரே விரும்பித் தின்கிறது.

கியோமார் விடவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை அவ வார்த்தைப்பாடு கொடுத்து நம்மள மாதிரி கன்னியாகப்போறா. அதுக்குள்ள திருச்சபையோட விசாரணை மன்றத்துக்குக் கடிதம் போகணும்."

"பத்தொன்பது வருஷம் இந்த மடத்துக்கு ஆக்கிப்போட்டவ அவ. மன்றத்து ஆட்கள் வந்தா என்ன செய்வாங்க?"

"விசாரிப்பாங்க."

"அப்புறம்?"

கியோமார் சுவரைப் பார்த்தாள்.

"எரிப்பாங்கன்னு சொல்ல வாய் வரலையா?"

"தப்பு இருந்தாத்தானே எரிப்பாங்க."

வியோலாந்தே எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"உட்காரு."

மூத்தவர்களிடம் அவள் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. கியோமார் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் இரத்தம் எப்படி?"

"சுத்தம். ரோமானியனை எதிர்த்து நின்ன மலைக்காரங்க வம்சம் நாங்க."

"ரோமானியன் ஜெயிச்சு அறுநூறு வருஷம் இங்கேயே இருந்தான். உன் மலைக்காரிகள் எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டா இருந்தாங்க?"

"அம்மா!"

"அதுக்கப்புறம் வடக்கேயிருந்து குதிரையில வந்தான் ஒருத்தன். அவனுக்குப் பிறகு கடல் தாண்டி முஸ்லிம் மூர்கள் வந்தாங்க. இந்தச் சுவர்ல நீ தினம் துடைக்கிற பூ ஓடு யார் கத்துக்கொடுத்த வேலை?"

"மூர்களைத்தான் துரத்திட்டோமே!"

"அவங்களுக்கும் நமக்கும் பிறந்த பிள்ளைகளை எங்கே துரத்தினே?"

கியோமார் பூ ஓட்டிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"பிறகு நாம கப்பல் ஏறினோம். போன கரையிலெல்லாம் பிள்ளை பெத்தோம். உன் புருஷன் எட்டு வருஷம் கோவாவில இருந்தானே, ஜபமாலை உருட்டிக்கிட்டா இருந்தான்?"

கியோமாரின் முகம் சிவந்துவிட்டது. "செத்தவரை இழுக்காதீங்க. கடிதம் எழுத விடுவீங்களா, மாட்டீங்களா?"

"எழுது."

வியோலாந்தே ஒரு தாளையும் மைக்கூட்டையும் அவள் முன் தள்ளினாள்.

"குற்றம் சொல்றவ முதல்ல சுத்தமா இருக்கணும். உன் தாத்தா பாட்டி நாலு பேரோட பேரும் ஊரும் மேல எழுது. அதுக்குக் கீழ பிராங்கா."

"இது எந்தச் சட்டத்துல இருக்கு?"

"இந்த மடத்துல இருக்கு. எனக்கு முன்னாடி இருந்த அம்மா போட்டது."

கியோமார் இறகை மையில் தோய்த்தாள். மூன்று பெயர்களைப் பட்டங்களோடு விறுவிறுவென்று எழுதினாள்.

நாலாவதற்குக் கை போகவில்லை. இறகின் நுனியிலிருந்து ஒரு சொட்டு மை தாளில் விழுந்தது.

"அம்மாவைப் பெத்த தாத்தா. எழுது."

"கோன்சாலோ."

"எந்த ஊர்ல பிறந்தார்?"

"தெரியாது. லிஸ்பனுக்குப் பதினோரு வயசுல கொண்டு வந்தாங்க."

"யாரு?"

கியோமார் இறகைக் கீழே வைத்தாள்.

"ராஜாவோட ஆட்கள். அவங்க அம்மா கையிலிருந்து பிடுங்கிக் கொண்டு வந்தாங்க. அன்னைக்கே தண்ணி ஊத்தி அந்தப் பேரை வச்சாங்க."

"அதுக்கு முன்னாடி என்ன பேர்?"

"எங்க வீட்ல அதைக் கேட்கக்கூடாது."

"நீ கேட்டியா?"

"சின்ன வயசுல ஒரு தடவை கேட்டேன். அவர் வாயைத் திறக்காம அழுதார்."

வியோலாந்தே மேசையை ஓங்கி அறைந்தாள். மைக்கூடு கவிழ்ந்தது.

"இவ்வளவும் தெரிஞ்சா அவளைக் காட்டிக்கொடுக்க வந்தே?"

"தெரிஞ்சதாலதான் வந்தேன்!" கியோமார் கத்தினாள். "நான் முதல்ல கை நீட்டிட்டா என் பக்கம் யாரும் நீட்டமாட்டாங்க. நாற்பது வருஷமா இப்படித்தான் உயிரோட இருக்கேன். உங்களுக்கு இது எப்படித் தெரிஞ்சது? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வியோலாந்தே அவள் முன்னே போட்டாள்.

"உனக்கு முன்னாடி கடிதம் எழுத வந்தவங்க எழுதினது. பாரு."

ஒரு தாளில் மூன்று பெயர்கள். இன்னொன்றில் மூன்று எழுதி ஒன்றை அடித்திருந்தது. அடுத்ததில் ஒரே ஒரு பெயர், அதுவும் பாதி. எந்தத் தாளிலும் நாலு பெயர் முடியவில்லை. எதிலும் கீழே குற்றம் எழுதப்படவில்லை.

கியோமார் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனாள். அடியில் கிடந்த பழைய தாளில் அவள் விரல் நின்றது. அந்தக் கையெழுத்தை மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிறாள்.

"அம்மா, இது..."

"என்னோடதுதான். நான் ரெண்டு பேரு எழுதினதோட நின்னுட்டேன்."