தத்துப்பூச்சியின் முதுகுப் பொட்டு போன கதை

அந்தக் காலத்தில், எறும்பும் மரமும் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, தத்துப்பூச்சியை அடையாளம் காண யாரும் திண்டாடியதில்லை. அரிசிமணி அளவுகூட இல்லாத பூச்சிதான். ஆனாலும் முதுகைப் பார்த்தாலே எந்த மரத்துப் பூச்சி என்று தெரிந்துவிடும். வேம்பில் இருப்பதற்கு மஞ்சள் கோடு, வாகையில் இருப்பதற்குக் கறுப்பு வளையம், புங்கமரத்தில் இருப்பதற்குச் சிவப்புப் பொட்டு. அந்தந்த மரத்துச் சாறு அந்தந்தப் பூச்சிக்கு. அவை சிந்தும் இனிப்புத் துளிக்காக முசுறு எறும்புகள் காம்புக்குக் காம்பு காவல் நின்றன.

புங்கமரத்தில் செவத்தாயி என்று ஒருத்தி, பிள்ளைகுட்டிகளோடு இருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். கேடுகெட்ட பஞ்சம் வந்தது. வாகைமரம் முதலில் காய்ந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வாகைப்பூச்சி ஒன்று செக்கச்செவேலென்ற முருக்கம்பூவில் புரண்டு முதுகைச் சிவப்பாக்கிக்கொண்டு, "அம்மா, தாகமா இருக்கும்மா" என்று வந்து நின்றது. செவத்தாயி இரங்கி இடம் கொடுத்தாள். அது தன் கூட்டத்தையே கூட்டிவந்து இலையை உறிஞ்சித் தீர்த்துவிட்டது. செவத்தாயியின் பிள்ளைகள் சுருண்டு சுருண்டு விழுந்தன. மிஞ்சியது கடைக்குட்டி மினுக்கி ஒருத்திதான்.

செவத்தாயி அழுது முடித்துவிட்டுக் காவல்கார முசுறுவிடம் போனாள்.

"அண்ணே, இனிமே பொட்டு இல்லாத எதுவும் இந்தக் காம்பைத் தாண்டக் கூடாது. பூசுன பொட்டா, பிறவிப் பொட்டான்னு தேய்ச்சுப் பாருங்க. அம்மான்னு கூப்பிட்டாலும் சரி, சாமின்னு கூப்பிட்டாலும் சரி, விடாதீங்க."

"சரி தாயி. நீ சொன்னா சரிதான்" என்றது முசுறு.

தத்துப்பூச்சி வளரும்போது தோலுரிக்கும். உரித்த புதிதில் உடம்பு வெளிறிக் கிடக்கும், நிறம் ஏறக் கொஞ்சநேரம் பிடிக்கும். மினுக்கிக்கு அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றே செவத்தாயி நினைத்திருந்தாள். ஆனால் பட்டினி கிடந்த உடம்புக்கு நாளும் கிழமையும் ஏது? குழந்தை தோல் இறுகி மூச்சுமுட்டி, நிழல் தேடிக் கீழ்க்கொப்புக்கு இறங்கி, தன்னந்தனியாக உரித்துக்கொண்டது. வெள்ளையாக, தள்ளாடிக்கொண்டு, காம்பண்டை திரும்பி வந்தது.

முசுறு மறித்தது. "ஏ செவத்தாயி! இங்க ஒண்ணு அம்மான்னு வந்து நிக்குது. முதுகுல ஒண்ணும் இல்ல. உன் பிள்ளையா?"

செவத்தாயி இலை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். வெளிறிய பூச்சி. பொட்டு இல்லை. தாகத்தில் குரலும் கம்மிப்போயிருந்தது.

"அம்மா, நான்தாம்மா."

"போன தடவையும் இப்படித்தான் ஒண்ணு அம்மான்னு வந்துச்சு" என்றாள் செவத்தாயி. "என் பிள்ளை இல்ல. தள்ளுங்க அண்ணே."

முசுறு கடித்துத் தள்ளியது.

பொழுது சாயும்வரை மினுக்கி வராததால் அவள் இலை இலையாகத் தேடினாள். கடைசியில் அடிமரத்துக்கு இறங்கினாள். அங்கே செத்துக் கிடந்த அந்த வெள்ளை உடம்பில் மெல்ல மெல்ல நிறம் ஏறியிருந்தது. முதுகில் சிவப்புப் பொட்டு.

ஐயோ, அந்தப் பாவி கதறிய கதறலை என்னவென்று சொல்வது! "நானே கொன்னுட்டேனே, என் வாயாலயே கொன்னுட்டேனே" என்று முதுகை மரப்பட்டையில் தேய்த்தாள். பொட்டு போய் ரத்தம் வரும்வரை தேய்த்தாள். பொட்டை நம்பித் தங்களுக்கும் இந்தக் கதி வருமோ என்று மற்ற தாய்மாரும் பயந்துபோய்த் தங்கள் முதுகைத் தேய்த்தார்கள். மரம் மரமாக அந்தப் பயம் பரவியது.

"அடையாளம் இல்லாமல் பிறவி கிடையாது மகளே" என்றது புங்கமரம். "முதுகில் வேண்டாம் என்றால் உங்கள் வயிற்றுக்குள் ஒளித்து வைக்கிறேன். அதற்குமேல் என்னால் ஆகாது."

"என் பிள்ளையைத் திருப்பித் தர முடியுமா?" என்றாள் செவத்தாயி.

மரம் ஒரு சருகை உதிர்த்து மினுக்கியை மூடியது.

அன்று முதல்தான் தத்துப்பூச்சிகளில் பலவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. பூதக்கண்ணாடியோடு மரம் மரமாக அலைகிறவர்களும் முதுகைப் பார்த்து ஏமாந்துதான் போகிறார்கள்; அது இன்னாரென்று, செத்த பிறகு வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது.