தேன் கலந்த பட்டை மருந்து

மலையடிவாரக் காட்டில் மருதி என்றொரு புள்ளிமான் இருந்தது. மழை பிடித்துவிட்டால் அங்கே மான்களுக்குக் குளம்பில் புண் வரும். நடக்க முடியாது. நடக்க முடியாத மானைச் செந்நாய்கள் சும்மா விடாது.

அந்தப் புண்ணுக்கு மருந்து கண்டுபிடித்தது கரடிதான். வேங்கை மரப் பட்டையை இடித்துப் பூசினால் புண் ஆறிவிடும். குளத்தங்கரையில் வழக்குக் கேட்கும் யானை அதற்கு உரிமை கொடுத்தது. "செய்முறையை எல்லாருக்கும் சொல்லிடு. ரெண்டு மழைக்காலம் மருந்து உன்னுது, வேற யாரும் இடிக்கக் கூடாது. அப்புறம் காட்டுக்கே பொது" என்றது. ஒரு பூச்சுக்கு ஒரு குவியல் இலுப்பைப் பூ வாங்கிக்கொண்டது கரடி. நியாயம்தான் என்று எல்லாரும் கொடுத்தார்கள்.

காலம் முடிந்ததும் கரடி மறுபடி வந்தது. "இப்போ இலையில மடிச்சுத் தர்றேன். இது புது மருந்து!" எதிர்த்துப் பேச ஆளில்லை. உரிமை நீண்டது. அதுவும் முடிந்தபோது, "இப்போ தேன் கலந்திருக்கேன். இதுவும் புது மருந்து!" என்று வந்து நின்றது.

அந்த வருடம் இலுப்பை பூக்கவே இல்லை. மருதிக்கு முன்னங்கால் இரண்டிலும் புண். மேட்டில் படுத்துவிட்ட அதன் தங்கையால் எழுந்திருக்கவே முடியவில்லை. மருதி நொண்டி நொண்டிக் குளத்தங்கரைக்குப் போனது.

"யானையம்மா, பட்டை அதே பட்டைதானே?"

"தேன் கலந்தா குணம் கூடும்!" என்றது கரடி.

காலையிலிருந்து வழக்குக் கேட்ட களைப்பில் யானைக்குக் கண் சொருகியது. "அடுத்த பௌர்ணமிக்கு வாங்க" என்றது.

"அதுவரைக்கும் நாங்களே பட்டையை இடிச்சுக்கலாமா?"

"தீர்ப்பு வர்ற வரைக்கும் கூடாது."

மருதி திரும்பி நடந்தது. பௌர்ணமிக்கு வந்தது. கரடி வரவில்லை, வழக்கு தள்ளிப்போனது. மறுபடி வந்தது. அன்று யானைக்கு வேறு பஞ்சாயத்து. ஏறி இறங்கிய பாதையில் ஒவ்வொரு கல்லும் அதன் குளம்புக்குப் பழகிவிட்டது.

கடைசியில் யானை சொன்னது: "பேச்சு போதும். பூசிப் பார்ப்போம்."

மருதியின் ஒரு காலில் வெறும் பட்டை விழுதைப் பூசினார்கள். மறு காலில் தேன் கலந்ததைப் பூசினார்கள். புண் ஆறும்வரை மருதி குளத்தங்கரையிலேயே இருக்க வேண்டியிருந்தது. இரண்டு புண்ணும் ஒன்றாகவே ஆறின. தேன் பூசிய காலில் எறும்பு மொய்த்ததுதான் மிச்சம்.

"குணத்துல வித்தியாசமில்லை. அதனால இது புது மருந்து இல்லை" என்றது யானை. "இலையில மடிச்சதுக்கு உரிமை கொடுத்ததும் தப்பு. இனிமே எதைக் கலந்தாலும், முன்னைவிட நல்லா குணமாகுதுன்னு காட்டினாத்தான் உரிமை. பட்டை இன்னையிலிருந்து பொது!"

"கண்டுபிடிச்சது நான்தானே!" என்று கத்தியது கரடி.

"நீதான். அதுக்குத்தான் முதல்லயே கொடுத்தோம்."

கரையில் மான்கள் துள்ளின. "ஜெயிச்சுட்டோம் மருதி!"

மருதி துள்ளவில்லை. வாயில் ஒரு துண்டுப் பட்டையைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. தங்கை படுத்திருந்த இடத்தில் புல் மட்டும் நசுங்கிக் கிடந்தது. சுற்றிலும் செந்நாய்களின் காலடித் தடங்கள்.

மருதி குனிந்து அந்தப் புல்லை முகர்ந்தது. அப்போது பக்கத்துப் புதரிலிருந்து ஒரு குட்டிமான் நொண்டியபடி வந்தது. "அத்தை, கால் வலிக்குது!" என்று அழுதது.

"வா, உட்காரு" என்றது மருதி. பட்டையைப் பாறையில் வைத்து, ஆறிய குளம்பால் மெதுவாக இடிக்கத் தொடங்கியது.

கண்டுபிடித்தவருக்கு உரிமை வேண்டியதுதான். ஆனால் முடிய வேண்டிய நாளில் அந்த உரிமை முடியாமலும், வர வேண்டிய நாளில் தீர்ப்பு வராமலும் போனால், மருந்து இருந்தும் உயிர் போகும்.