கருவாட்டு வாடை

"ஆசானே, என் வண்டிக்குள்ள ஏதோ கருகுது. எங்கேன்னுதான் தெரியல," என்றான் குருசாமி.

பேச்சி ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"யார் சொன்னா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"வீட்டுல சொல்றா."

"என்ன சொன்னாங்க?"

"அதான், வாடை வருதுன்னு."

"என்ன வாடைன்னு சொன்னாங்க?"

"கருகுற வாடைதான். வேற என்ன?"

"அது நீங்க சொல்றது. அவங்க என்ன சொன்னாங்கன்னு கேக்குறேன்."

குருசாமி தலையைச் சொறிந்தான்.

"கேட்டுட்டு வாங்கண்ணே," என்றது குரல்.

பேச்சிக்கு முப்பத்திரண்டு வயது. தேனி ரோட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற பட்டறை அவளுடையது.

குருசாமிக்கு நாற்பத்து நாலு. மில்லு மூடின பிறகு அவளிடம் தொழில் கற்க வந்தவன். தங்கச்சி என்று கூப்பிட்டால் மரியாதை இல்லை, அக்கா என்றால் பொய். யோசித்து யோசித்து, ஆசான் என்று வைத்துக்கொண்டான். அவள் மட்டும் அண்ணே என்பதை விடவில்லை.

டீக்கடையில் கேட்பார்கள். "பேரு குருசாமி. செய்யிறது சிஷ்யன் வேலை. என்னய்யா இது?"

"பேரு எங்கப்பன் வச்சது. வேலை நானா தேடிக்கிட்டது," என்பான்.

போன மாசம் ஒரு பழைய வேனை வாங்கினான். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே கட்டில் போட்டான். சின்ன அடுப்பு, பிரிட்ஜ், இரண்டு ஃபேன். ஒரு வீடுதான், சக்கரம் வைத்த வீடு. ஒயரிங் முழுக்க அவனே செய்தான். தனியாகச் செய்த முதல் வேலை.

காரணம் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்திருந்தான். திருச்செந்தூரில் முடி இறக்குவதாக வேண்டுதல். வருகிற வெள்ளிக்கிழமை, இந்த வண்டியிலேயே, சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி, மெதுவாகப் போய்ச் சேருவதாக ஏற்பாடு.

ஆனால் அவன் மனைவி செவ்வந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாளாகிவிட்டது.

"அந்த வண்டியில என் பிள்ளையைப் படுக்கப் போடமாட்டேன்," என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

மறுநாளும் குருசாமி வந்தான்.

"ஒவ்வொண்ணா பார்த்துட்டேன் ஆசானே. பிரிட்ஜைப் போட்டேன், ஒண்ணும் இல்ல. அணைச்சேன். ஃபேனைப் போட்டேன், அதுலயும் ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சஞ்சு நிமிஷம்."

"உங்க மூக்குக்கு என்ன தெரிஞ்சது?"

"சாம்பிராணி."

"சாம்பிராணியா? அது எதுக்கு?"

"வாடை போகட்டும்னு நான்தான் காட்டினேன்."

பேச்சி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது.

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "சொன்ன வார்த்தையைக் கேட்டுட்டு வந்தீங்களா?"

"அது எதுக்கு ஆசானே? எனக்குத் தெரியாதா? எரியுற வாடைதான்."

"நேத்து கருகுற வாடை. இன்னைக்கு எரியுற வாடை. நாளைக்கு நீங்களே கவிதை எழுதிடுவீங்க. போங்கண்ணே."

மூன்றாம் நாள் வந்தபோது பேச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குருசாமி அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கிறேன். சொல்லுங்க."

"கேக்கப் போகவேண்டிய வேலையே இல்ல. அவ சொன்னது எனக்கு மொதல்லயே தெரியும். உங்ககிட்டச் சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு."

"ம்."

"கருவாட்டு வாடை வருதுன்னா."

பேச்சியின் கை சோற்றிலேயே நின்றது.

அவன் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனான். "நாங்க நாப்பத்தெட்டு நாள் விரதம் ஆசானே. மீன் இல்ல, கறி இல்ல. அந்த வண்டிக்குள்ள ஒரு முட்டைகூட ஏறினதில்ல. எனக்குக் கோவம் வந்துருச்சு. நாக்குக்கு ஆசை வந்தா மூக்குக்கு வாடை வரத்தானே செய்யும், வாயைக் கட்ட முடியலேன்னா சொல்லித் தொலைன்னுட்டேன். அவ ஒண்ணும் பேசல. பிள்ளையைத் தூக்கிட்டு எறங்கிட்டா."

"வண்டி எங்க நிக்குது?"

"பின்னாடிதான். வேப்பமரத்தடியில."

"பேட்டரி ஒயர் மாட்டியிருக்கா?"

"ஆமா. பிரிட்ஜுல பால் இருக்கு."

அவள் எச்சில் கையோடு ஓடினாள். அவன் பின்னால் ஓடினான்.

பேட்டரி ஒயரைக் கழற்றித் தூரத் தள்ளி வைத்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

"ஒயரைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் சூடேறினா சில சமயம் எரியுற வாடை வராதுண்ணே. கருவாட்டு வாடைதான் வரும். எரியுற வாடை வர்றதுக்குள்ள தீ வந்துரும்."

குருசாமி கழற்றிய ஒயரைப் பார்த்தான்.

"இது அவளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. மூக்குல பட்டதைச் சொன்னாங்க."

அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். "எங்கே திறக்கட்டும்?"

"மூக்கை மாமியார் வீட்டுல விட்டுட்டு வெறும் கண்ணை வச்சுக்கிட்டு எங்கே திறப்பீங்க? போய்க் கூட்டிட்டு வாங்க."

"கோவமா இருக்கா. என்ன சொல்லிக் கூப்பிடறது?"

பேச்சி குழாயில் கை கழுவினாள்.

"கருவாடு இருக்குன்னு சொல்லுங்க."

அவன் அப்படியேதான் சொன்னான். மாமியார் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"செவ்வந்தி, கருவாடு இருக்கு. வா."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் குழந்தையின் துணிப்பையை எடுத்து வந்தாள்.

பட்டறைக்கு வந்ததும் பேச்சி அவளை வண்டிக்குள் ஏற்றினாள்.

"அந்த வாடை எப்ப வரும்மா?"

செவ்வந்தி புருஷனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"அண்ணே, போய் மூணு டீ வாங்கிட்டு வாங்க," என்றாள் பேச்சி.

"இப்ப எதுக்கு டீ?"

"சர்க்கரை கம்மியா."

அவன் போனான்.

செவ்வந்தி மெல்லச் சொன்னாள். "மத்தியானம் வெயிலுக்கு பிரிட்ஜு, ரெண்டு ஃபேனு எல்லாம் ஓடும்க்கா. நான் இவனுக்குப் பால் குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அரைமணி, முக்கால்மணி ஆகும். தூங்கித் தூங்கிக் குடிப்பான்."

"சரி."

"இந்தப் பக்கம் குடுக்கையில வரும். மாத்தி அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து குடுக்கையில வராது."

"இதை அண்ணன்கிட்டச் சொன்னியா?"

"இதை எப்படிக்கா ஆம்பளைகிட்டச் சொல்றது? எந்தப் பக்கம், எவ்வளவு நேரம்னெல்லாம்?"

"புருஷன்தானே?"

"புருஷன்தான். இருந்தாலும்."

பேச்சி சிரிக்கவில்லை. "எங்கே, அந்த மாதிரியே உக்காரு."

செவ்வந்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தையை இடது மடியில் சாய்த்தாள். அவள் முகம் எந்தப் பக்கம் குனிந்ததோ அந்த இடத்தில் பேச்சி விரலை வைத்தாள்.

"எந்திரி."

மெத்தையைப் புரட்டினாள். கட்டில் பலகையின் நாலு ஸ்குரூவைக் கழற்றித் தூக்கினாள்.

குருசாமி டீயோடு வந்து எட்டிப் பார்த்தான்.

பலகையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு. ஒயர்கள் சேர்கிற பிளாஸ்டிக் கட்டை வெல்லம் மாதிரி இளகி, வழிந்து, உறைந்திருந்தது. மெத்தையின் அடித்துணி அந்த இடத்தில் தேயிலை நிறம்.

மெத்தையின் மேலே, அதே இடத்தில், குழந்தையின் சின்னத் தலையணை.

குருசாமி டீயைக் கீழே வைத்துவிட்டுத் தலையணையை எடுத்தான்.

"பிரிட்ஜ், ஃபேன் எல்லாத்தையும் ஒரே மெல்லிசு ஒயர்ல கொண்டு வந்திருக்கீங்க. இந்த ஸ்குரூவும் லூசு. ஒவ்வொண்ணா அஞ்சு நிமிஷம் போட்டுப் பார்த்தா எப்படிச் சூடேறும்?" என்றாள் பேச்சி. பிறகு முன்னால் போய் ஃபியூஸை உருவிப் பார்த்தாள். "பதினஞ்சு ஆம்ப் போட்டிருக்கணும். முப்பது கிடக்கு."

"பதினஞ்சு நிக்கல ஆசானே. மூணு தடவை போயிருச்சு. அதான் பெருசா போட்டேன்."

"மூணு தடவை சொல்லியிருக்கு."

"என்னது?"

"அதைக் கழட்டிப் போட்டுட்டு, வாயைத் திறக்காத ஒண்ணைக் கொண்டு வந்து வச்சிருக்கீங்க."

குருசாமி செவ்வந்தியைப் பார்த்தான். அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அவன் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் போட்டான். பிரிட்ஜுக்குத் தனி ஒயர். ஃபேனுக்குத் தனி ஒயர். ஒவ்வொன்றுக்கும் அளவான ஃபியூஸ். கருகிய பலகையை எடுத்துவிட்டு வேறு பலகை. பேச்சி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஸ்குரூவைக்கூட அவள் தொடவில்லை.

முடித்துவிட்டுக் கேட்டான். "பாஸா ஆசானே?"

"என்னை ஏன் கேக்குறீங்க?"

அவன் வண்டியில் பிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் ஓடவிட்டான். செவ்வந்தி குழந்தையோடு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறவன் மாதிரி அவன் வேப்பமரத்தடியில் நின்றான். ஒரு மணி நேரம்.

கதவு திறந்தது.

"வாடை வரல," என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள்.

மத்தியானம் தூத்துக்குடி தாண்டி, கடல் காற்று முகத்தில் அடிக்க வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் கட்டிலில் செவ்வந்தி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க."

"ம்?"

"கருவாட்டு வாடை வருதுங்க."

வண்டி ஓரம் கட்டி நின்றது.

அவன் இறங்கி ஓடி வந்து அவளையும் குழந்தையையும் இறக்கி மரத்தடியில் உட்கார வைத்தான். பேட்டரி ஒயரைக் கழற்றினான். மெத்தையைப் புரட்டினான். பலகையைத் தூக்கினான். ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் ஜில்லென்று இருந்தது. ஃபியூஸை உருவினான். நல்லாத்தான் இருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.

அரைமணி ஆயிற்று.

செவ்வந்தி மரத்தடியிலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்களேன்."

வந்தான். அவள் கையை நீட்டினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், மணலில், பாய் பாயாக விரித்து, கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு அம்மாள் குச்சியை வைத்துக்கொண்டு காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள்.

செவ்வந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவ்வளவு கிடக்கு. நீங்க பார்க்கவே இல்லையா?"

"பார்த்தேனே."

"எப்ப?"

"வண்டியை நிறுத்தறதுக்கு முன்னாடியே."

அவள் சிரிப்பு நின்றது.

"பின்னே எதுக்கு இந்த வெயில்ல எல்லாத்தையும் பிரிச்சீங்க?"

குருசாமி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீ சொன்னியே," என்றான்.