கடைவாய்ப் பல்லும் ஒற்றைக் கடகமும்

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பல்வலிக்கு நாடு கிடையாது. மூன்று நாளாகக் கன்னம் வீங்கி, காய்ச்சல் ஏறி, கஞ்சிகூட இறங்காமல் அவர் அரியணையில் சாய்ந்து கிடந்தார். அரண்மனை வைத்தியர்கள் எட்ட நின்றபடியே கிராம்பு வைக்கச் சொன்னார்கள், உப்புநீர் கொப்பளிக்கச் சொன்னார்கள். பல்லைப் பிடுங்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரசர் மேனியில் ரத்தம் வரக் காரணமான கை வெட்டப்படும் என்று அந்த நாட்டில் ஒரு பழைய சட்டம் இருந்தது. எல்லோரும் மறந்துபோன அந்தச் சட்டத்தைப் போன வருடம் தலைமை அமைச்சர் அனந்தப்பர்தான் தூசி தட்டி எடுத்தார். வேட்டைக்குப் போன இடத்தில் அரசரின் குதிகாலில் முள் தைத்தது. சடையப்பர் என்ற வைத்தியர் அதை எடுத்தபோது ஒரு துளி ரத்தமும் கூடவே வந்தது. நல்லது செய்யத்தான் கை நீட்டினேன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று அவர் கெஞ்சினார். சட்டம் எண்ணத்தைக் கேட்கவில்லை, கையைத்தான் கேட்கிறது என்றார் அனந்தப்பர். தன் விசுவாசத்தைக் காட்டிக்கொள்ள அவருக்கு அன்று வேறு வழி கிடைக்கவில்லை போலும். கால்வலி எரிச்சலில் இருந்த அரசர் தலையை ஆட்டிவிட்டார். சடையப்பரின் வலக்கை போயிற்று. 

சடையப்பரின் அடுத்த வீட்டில் குடியிருந்தவன் மாசிலாமணி. அரசவையில் விகடம் செய்வது அவன் வேலை. அவன் வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார். அவர் சிரித்தால் அனந்தப்பர் முகம் சுருங்கும். பல்வலி வந்ததும் அனந்தப்பருக்கு ஒரு யோசனை பிறந்தது.

"மகாராஜா, சடையப்பரின் மகள் பொன்னரசி சந்தையில் பல் பிடுங்குகிறாள். கைராசிக்காரி என்கிறார்கள். மாசிலாமணி அழைத்தால் வருவாள். நாளை பொழுது சாய்வதற்குள் அவன் அவளைக் கொண்டு தங்கள் பல்லை எடுக்க வைக்கட்டும். தவறினால் அவன் தலை போகட்டும். ரத்தம் வந்தால், அவள் கைக்குச் சட்டம் இருக்கவே இருக்கிறது" என்றார்.

வலியில் இருந்தவருக்குப் பல்லைத் தவிர வேறு நினைப்பு ஏது? மறுபடியும் தலையை ஆட்டினார்.

மாலையில் மாசிலாமணி அடுத்த வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். இடக்கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சடையப்பர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். பல் ஆடுகிறதா என்று மட்டும் கேட்டார். நாக்குப் பட்டாலே ஆடுகிறது என்றான் மாசிலாமணி. அப்படியானால் வெடுக்கென்று ஓர் இழுப்புப் போதும், ஆனால் ரத்தம் வராமல் இருக்காது என்றார் அவர்.

"நான் வரலேன்னா உங்க தலை போகும்ண்ணே. வந்தா என் கை போகும். இந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு கை போயாச்சு" என்றாள் பொன்னரசி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மாசிலாமணி தன் மேல்துண்டிலிருந்து ஒரு நூலை உருவினான். பிறகு கேட்டான்: "ரத்தம் வராம அந்தப் பல்லுல நூல் கட்ட முடியுமாம்மா?"

"அது முடியும்."

"அப்ப அதை மட்டும் செய். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிப் பூசைக்கு முரசு முழங்கினால் அரசர் முதல் காவலாள் வரை எழுந்து நிற்க வேண்டும். அரசருக்கு அது தொட்டில் பழக்கம். வாயில் கவளம் இருந்தாலும் சட்டென்று எழுந்துவிடுவார். முரசுக்குச் சைகை காட்டும் உரிமை அனந்தப்பருடையது. சாளரத்தருகே நின்று வெள்ளிக்கோலை உயர்த்துவார். குளிர்காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூடப் பல்லக்கில் வந்து உயர்த்தியவர் அவர்.

மறுநாள் பொன்னரசி அரசரின் பல் ஈறில் கிராம்புத் தைலம் தடவி, பட்டு நூலைப் பல்லின் அடியில் சுற்றி முடிச்சிட்டாள். மறுமுனையை அரியணைக் கைப்பிடியான சிங்கக் கையில் இறுக்கிக் கட்டிவிட்டுப் பத்தடி விலகி நின்றாள். மாசிலாமணி அரசரை வாய் திறக்கச் சொல்லிச் சபையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்க்க வைத்தான். ஒரு துளி ரத்தம் இல்லை. அனந்தப்பரும் குனிந்து பார்த்து, இல்லை என்று ஒப்புக்கொண்டார். பூசை முடியட்டும், பிறகு இழுக்கலாம் என்றான் மாசிலாமணி.

உச்சிப்பொழுது வந்தது. அனந்தப்பர் சாளரத்தருகே போய்க் கோலை உயர்த்தினார். முரசு முழங்கியது. அரசர் எழுந்தார்.

பல் நூலில் தொங்கி ஆடியது. அரசரின் உதட்டோரம் ரத்தம் வழிந்தது.

பொன்னரசியைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினார் அனந்தப்பர். காவலர் அவள் கையைப் பற்றவும் செய்தார்கள். மாசிலாமணி குறுக்கே வந்து நின்றான். அவன் முகத்தில் விகடம் இல்லை.

"அமைச்சரே, அவள் கட்டியபோது ரத்தம் வரவில்லை என்று தாங்களே பார்த்துச் சொன்னீர்கள். மகாராஜா எழுந்தபோது வந்தது. அவர் எழுந்தது முரசு கேட்டு. முரசு முழங்கியது ஒரு கை உயர்ந்ததைக் கண்டு. அந்தக் கை இன்னும் இறங்கவில்லை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளிக்கோல் மேலேயே இருந்தது. அனந்தப்பர் அதைக் கீழே போட்ட சத்தம் சபை முழுவதும் கேட்டது.

"மகாராஜா, நான் என் கடமையைத்தான் செய்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்லது செய்த கையை வெட்டச் சொல்லும் சட்டம் ஒரு சட்டமா?" என்றார் அனந்தப்பர்.

"போன வருடம் சடையப்பரும் இதையேதான் சொன்னார்" என்றான் மாசிலாமணி.

அரசர் முதலில் பல்லைப் பார்த்தார், பிறகு அமைச்சரைப் பார்த்தார். நான்கு நாள் வலி போன சுகமோ, அமைச்சரின் முழியோ, வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சட்டம் எழுதிய ஓலையைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே கொளுத்த வைத்தார். பொன்னரசியைப் பல்லக்கில் அனுப்பினார். மாசிலாமணிக்குப் பொற்கிழி கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான், வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன பைத்தியமா?

பிறகு அரசர் தன் இரண்டு கைகளிலும் இருந்த தங்கக் கடகங்களைக் கழற்றி, சடையப்பரிடம் சேர்க்கச் சொல்லி மாசிலாமணியிடமே கொடுத்தார். ஒரு நாழிகையில் அவன் திரும்பி வந்தான். அரசர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவன் ஒரு கடகத்தை அவர் முன்னால் வைத்தான்.

"சடையப்பர் ஒன்றை அணிந்துகொண்டார், மகாராஜா. இது வலக்கைக்கு உரியதாம். போட்டுக்கொள்ள இடமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்."

அரசரின் சிரிப்பு நின்றது. வெகுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, நூல் கட்டியிருந்த அதே சிங்கக் கையில் அதை மாட்டினார். அவர் இருந்தவரை அது அங்கேயே இருந்தது. யாரையாவது தண்டிக்கச் சொல்லி எவர் வந்து நின்றாலும், அந்தக் கடகத்தைத் தொட்டுப் பார்க்காமல் அவர் தலையை ஆட்டியதில்லை.